சுருதியில் யார் இறங்கி வருவது: ஹாரிசனின் இரட்டைக் கன்செர்ட்டோவும் ஜாவா கமெலானும்

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையையும் வெண்கலக் கோங்குகளும் தகட்டுக் கருவிகளும் சேர்ந்த இந்தோனேசிய வாத்தியக் குழுவான ஜாவா கமெலானையும் ஒரே மேடையில் ஏற்றுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது சுருதியில்தான். ஆர்கெஸ்ட்ராவில் கச்சேரிக்கு முன் ஓபோ ஒரு ஸ்வரம் பிடிக்கும், மற்ற எல்லோரும் அதில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அது 440 ஹெர்ட்ஸா 442ஆ என்பதெல்லாம் பேசி முடிவு செய்துகொள்ளக்கூடிய விஷயம். கமெலானில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பட்டறையில் வெண்கலத்தை அடித்து, அராவி, தேய்த்து எடுத்தபோதே சுருதி முடிவாகிவிடுகிறது. அடுத்த ஊர் கமெலானுக்கு வேறு சுருதி, அடுத்த அரண்மனைக்கு வேறு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று ஜாவாவில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. மதிப்புக்குரிய செட்டுகளுக்குப் பெரியவர்களுக்குச் சொல்வதுபோல ‘கியாய்’ என்று அடைமொழி சேர்த்துத் தனிப் பெயரே வைத்திருப்பார்கள்.

ஆகவே இந்த இரண்டு இசைகளையும் கலக்கும் எந்த நிகழ்ச்சியிலும் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான். யாருக்காக யார் சுருதியை விட்டுக்கொடுத்தார்கள்? அழைப்பிதழில் ‘கிழக்கும் மேற்கும் சங்கமம்’ என்று போட்டிருப்பார்கள். அது எல்லாவற்றுக்கும் போடுவது. சங்கமத்தில் எந்த ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று அழைப்பிதழ் சொல்லாது, காதுதான் சொல்லும்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் (1917–2003) 1982இல் முடித்த ஒரு படைப்பு: வயலினுக்கும் செல்லோவுக்கும் ஜாவா கமெலானுக்குமான இரட்டைக் கன்செர்ட்டோ. மிர்கூர் ட்ரியோ என்ற குழுவுக்காக எழுதப்பட்டது. கன்செர்ட்டோ என்றால் வழக்கமாக முன்னால் தனிவாத்தியம், பின்னால் ஆர்கெஸ்ட்ரா. இதில் ஆர்கெஸ்ட்ரா உட்கார வேண்டிய இடத்தில் கமெலான் உட்கார்ந்திருக்கிறது. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே அலங்காரமாக நாலு கோங் தொங்கவிடுகிற வேலை இல்லை இது. அதனாலேயே இதை எடுத்தேன்.

எந்தச் சுவரில் முட்டுகிறது

ஜாவா கமெலானில் இரண்டு சுர அமைப்புகள் உண்டு. ஸ்லெண்ட்ரோவில் ஐந்து ஸ்வரம், பெலோகில் ஏழு. முழு செட் என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள் இருக்கும். வாசிப்பவர் ஒன்றை முடித்து இன்னொன்றின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஐந்து ஸ்வரம் என்றதும் நமக்கு மோகனம் ஞாபகம் வரும். கேட்கவும் முதலில் அப்படித்தான் இருக்கும். ஸ்தாயியை 1200 சென்டாகப் பிரித்தால், மோகனத்தில் ச-ரி இடைவெளி ஏறத்தாழ 200, க-ப இடைவெளி 300க்கு மேல். ஸ்லெண்ட்ரோவில் இந்தச் சின்னது பெரியது வித்தியாசம் அவ்வளவாகக் கிடையாது. ஒவ்வொரு படியும் 240 சென்டைச் சுற்றியே இருக்கும், செட்டுக்குச் செட் கொஞ்சம் முன்னே பின்னே. மோகனத்தில் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம் என்று கிரகபேதத்தில் ராகம் பளிச்சென்று மாறும். ஸ்லெண்ட்ரோவில் அந்த வித்தை பலிக்காது, எங்கே தொடங்கினாலும் கிட்டத்தட்ட அதே ஏணி. பழகாத காதுக்கு ஒரு கணம் மோகனமாகவும் மறுகணம் மத்யமாவதியாகவும் தோன்றி, எதிலும் நிலைக்காமல் நழுவுவது இதனால்தான்.

பியானோவில் 200இல் ஒரு கட்டை இருக்கிறது, 300இல் ஒரு கட்டை இருக்கிறது. 240இல் எதுவும் இல்லை. பெலோகின் ஏழு ஸ்வரங்களும் அப்படித்தான்: சில இடைவெளிகள் மிகக் குறுகல், சில மிக அகலம், எதுவும் கட்டைகளோடு நேராகப் பொருந்தாது. புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் பியானோவைப் போல ஸ்தாயியை 12 சம படிகளாக்கும் பகுப்புக்காகத் துளையிட்டு, வால்வு பொருத்திச் செய்யப்பட்டவை. வாசிப்பவர் உதட்டால் கொஞ்சம் வளைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

சரி, கமெலானை மாற்றிக்கொள்ளக் கூடாதா? மாற்றலாம், ஆனால் அரத்தை எடுக்க வேண்டும். சரோன் என்ற தகட்டுக் கருவியை எடுத்துக்கொள்வோம். தகட்டின் நடுவில் அடிப்பக்கத்தைச் சுரண்டினால் சுருதி இறங்கும், முனைகளில் சுரண்டினால் ஏறும். புதிதாக அடித்த வெண்கலம் முதல் சில ஆண்டுகள் தானாகவே நகர்ந்துகொண்டும் இருக்கும் என்பதால், சுருதி நிலைக்கும் வரை மறுபடி மறுபடி அராவுவார்கள். ஒரு முழு செட்டில் இப்படி எத்தனை தகடுகள், எத்தனை குமிழ் கோங்குகள்! கச்சேரி அன்று மாலையில் செய்து முடிக்கிற காரியமா அது?

இன்னொன்றும் உண்டு. ஜாவா சுருதிக்காரர்கள் மேல்ஸ்தாயியைக் கணக்குப் பிசகாமல் இரட்டிப்பாக வைப்பதில்லை, கொஞ்சம் விரித்தே வைப்பார்கள். பெரிய கோங்கை அடித்தால் ஒலி ஒரே கோடாகப் போகாமல் அலை அலையாகத் துடிக்க வேண்டும். அந்தத் துடிப்பு இல்லாத கோங்கை நல்ல கோங் என்று சொல்ல மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஹாரிசனைப் பற்றிய என் குறை இங்கிருந்துதான் வரும்.

காலம் எங்கே முடிகிறது

சுருதியைப் போலவே காலக்கணக்கும் வேறு. நம் தாளத்தில் ஆவர்த்தனம் சமத்தில் தொடங்கும், மேற்கத்திய இசையிலும் பாரின் முதல் அடிக்குத்தான் கனம். ஜாவாவில் கனம் கடைசி அடியில். நான்கு அடி சேர்ந்த ‘கத்ரா’வில் நான்காவது அடிதான் எல்லோரும் போய்ச் சேரும் இடம். பெரிய சுற்று கோங்கில் முடியும், தொடங்காது. கெபாதிஹான் என்ற எண் குறியீட்டிலும் அப்படியே எழுதுகிறார்கள்.

லட்ராங் என்ற வடிவம் இதற்கு நல்ல உதாரணம், ஹாரிசனின் கன்செர்ட்டோவில் முதல் பகுதியின் வடிவமும் அதுவே. 32 அடி ஒரு சுற்று. 32ஆவது அடியில் பெரிய கோங். 8, 16, 24, 32இல் படுக்கைவாட்டில் வைத்த குமிழ் கோங்கான கெனோங். தொங்கும் சின்ன கோங்கான கெம்புல் 12, 20, 28ஆவது அடிகளில். முறைப்படி பார்த்தால் 4ஆவது அடியிலும் கெம்புல் வர வேண்டும். வராது. இப்போதுதான் பெரிய கோங் விழுந்திருக்கிறது, அதன் அதிர்வு தரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அடங்கட்டும் என்று அந்த அடியை வெறுமனே விட்டுவிடுவார்கள். கேட்டுப் பழகியவர்கள் அந்தக் காலி இடத்துக்காகவே காத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நடத்துவது கெண்டாங் என்ற இருமுக மத்தளம். வேகம் கூட்டுவதும் குறைப்பதும், ‘இரமா’ என்ற அடர்த்தி நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றுவதும், முடிப்பதும் அந்த ஒரு ஆளின் கையில். அடிப்படை மெட்டான பாலுங்கான் பாதி வேகத்துக்கு இறங்கினால், அதற்கு இடையில் நுணுக்கமாக வாசிக்கும் கருவிகள் அடிக்கு இரட்டிப்பு ஸ்வரம் வாசிப்பார்கள். கடைசிச் சுற்றில் வேகம் இழுபட்டு இழுபட்டு, கோங் எல்லோரையும் கொஞ்சம் காக்கவைத்துத்தான் விழும். கண்டக்டரின் குச்சி இறங்கும் இடத்தில் அது விழாது. ஆர்கெஸ்ட்ரா பயிற்சி பெற்ற ஒருவருக்கு இது எவ்வளவு பதற்றம் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

1889க்குப் பிறகு

பாரிஸ் உலகக் கண்காட்சியில் 1889இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி கமெலான் கேட்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று: அங்கே ஆடிய பெண்கள் நடு ஜாவாவின் மங்குநெகரான் அரண்மனையிலிருந்து வந்தவர்கள், ஆனால் வாசித்தவர்கள் மேற்கு ஜாவாவின் பரகான் சலாக் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சுந்தா இசைக்காரர்கள். அதாவது ‘ஜாவா கமெலான்’ என்று பாரிஸ் கொண்டாடியதே ஒரு கதம்பம். டெபுஸ்ஸி 1903இல் எழுதிய ‘பகோட்ஸ்’ பியானோ துண்டில் அந்த நினைவு இருக்கிறது. அடுக்கடுக்கான நகர்வு, கோங் போன்ற அடிநாதம், ஐந்து ஸ்வர வரிசை எல்லாம் உண்டு. சுருதி மட்டும் பியானோவின் சுருதிதான். கமெலான் அங்கே ஒரு நினைவாக வருகிறது, ஆளாக வரவில்லை.

இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ பாலியில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்தவர். 1936இல் மெக்சிகோ நகரில் கார்லோஸ் சாவேஸ் முதலில் நடத்திய அவருடைய ‘தாபூ-தாபூஹான்’ படைப்பில், இரண்டு பியானோ, செலஸ்டா, மரிம்பா, ஸைலஃபோன் எல்லாம் சேர்ந்து கமெலான் வேலை பார்க்கும். பாலி கோங்குகளும் உண்டு. அருமையான வேலைதான், ஆனால் நகர வேண்டிய அவசியம் ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கும் வரவில்லை.

ஹாரிசன் வந்த வழி

ஹாரிசன் இதற்கு வந்தது நேர்வழியில் அல்ல. 1939இல் சான் பிரான்சிஸ்கோவின் டிரஷர் தீவில் நடந்த கண்காட்சியில் கமெலான் கேட்டவர். இசையமைப்பாளர் ஹென்றி கவலிடம் படித்தார், லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு இசையமைப்பாளரான ஷோன்பெர்க்கிடம் படித்தார். நியூயார்க்கில் சார்லஸ் ஐவ்ஸின் மூன்றாம் சிம்ஃபனியை 1946இல் முதன்முதலாக மேடையேற்றியவர் இவர்தான். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் கிடைத்தபோது ஐவ்ஸ் பரிசுப் பணத்தில் பாதியை இவருக்குக் கொடுத்தார். அதே நியூயார்க்கின் இரைச்சலும் நெருக்கடியும் அவரை மனநல மருத்துவமனை வரை கொண்டுபோனது. பிறகு கலிஃபோர்னியாவுக்கே திரும்பினார். அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ச்சின் எழுத்தைப் படித்ததிலிருந்து, பியானோவின் சம பகுப்பை விட்டு விகிதச் சுருதிக்கு மாறினார். தம்புராவின் பஞ்சமத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: 3:2 சுத்தமாக நின்றால் ஒலி தானே பூட்டிக்கொள்ளும்.

1967இல் அவருடன் சேர்ந்த வில்லியம் கோல்விக் எலெக்ட்ரீசியன், கருவி செய்வதில் கெட்டிக்காரர். இருவரும் சேர்ந்து அலுமினியத் தகடு, வயர் ஓட்டும் இரும்புக் குழாய், அறுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒலி பெருக்க அடுக்கிய தகர டப்பா என்று கிடைத்ததை எல்லாம் வைத்து ஒரு ‘அமெரிக்க கமெலான்’ செய்தார்கள். சிலிண்டர்களை பேஸ்பால் மட்டையால் அடிக்க வேண்டும். அது ஜாவா கமெலான் இல்லை, சுருதி சுத்தமான டி மேஜர். அது வரைக்கும் அவர் ஜாவா இசையை முறையாகப் படித்திருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

முறையான பயிற்சி 1975இல்தான் தொடங்கியது, பெர்க்லியில், உலக இசை மையத்தில். கற்றுக்கொடுத்தவர் யோக்யகார்த்தாவின் பாகுவாலமான் அரண்மனை இசைத் தலைவர் வாசிதோதிபுரோ. ‘பாக் சொக்ரோ’ என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்த மையத்தை நிறுவிய ராபர்ட் பிரவுன் மிருதங்கம் படித்தவர், டி. ரங்கநாதனின் சிஷ்யர், தென்னிந்தியத் தாள வாசிப்பைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வும் செய்தார். ரங்கநாதனின் சகோதரி பாலசரஸ்வதியும் அதே பெர்க்லி மையத்தில் கற்பித்தவர். இதற்கெல்லாம் நிதி தந்த ஸ்கிரிப்ஸ் தம்பதியரில் லூயிஸ் ஸ்கிரிப்ஸ் பாலாவிடம் நடனம் பயின்றவர். மிருதங்கம் தட்டிய அதே பிரவுன்தான் 1971இல் பாகுவாலமான் அரண்மனையில் வாசிதோதிபுரோவின் குழு வாசித்த ‘புஸ்பவர்ணா’வை ஒலிப்பதிவு செய்தார். அது 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறிப் போய்விட்டது. சென்னையில் தொடங்கிய ஒரு தாளப் பாடம் ஜாவா வழியாக எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

வாசிதோதிபுரோ மாணவரைப் பார்த்து, கமெலானுக்கு நீங்களே எழுதுங்கள் என்று ஊக்கப்படுத்தினார். ஹாரிசன் எழுதத் தொடங்கினார். முதலில் கமெலானுக்கு மட்டும், அப்புறம் ஒரு மேற்கத்தியக் கருவியைச் சேர்த்து. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். கமெலானில் உட்கார்ந்து கோங்குக்காகக் காத்திருந்து பழகிய பிறகுதான் வயலினை உள்ளே அழைத்தார்.

கன்செர்ட்டோ எப்படி நிற்கிறது

இரட்டைக் கன்செர்ட்டோவுக்குப் பயன்பட்டது ஓக்லண்ட் மில்ஸ் கல்லூரியின் கமெலான். ஹாரிசனும் கோல்விக்கும் முன்னின்று செய்த அலுமினிய செட். மில்ஸில் கற்பித்த இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவின் பெயரையும் அவர் மனைவி மாட்லேனின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். மூன்று பகுதிகள்: ‘லட்ராங் எபிகூரோஸ்’, ‘ஸ்டாம்பீட்’, ‘கெண்டிங் ஹெஃபைஸ்டோஸ்’. ஜாவா வடிவங்களோடு ஒரு கிரேக்கத் தத்துவவாதியும் ஒரு கொல்லன் கடவுளும். உலோகம் அடிக்கிறவனுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தது கமெலானுக்குச் செய்த நியாயமான மரியாதை.

தனிவாத்தியமாக எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் பாதி வேலை முடிந்துவிடுகிறது. வயலினிலும் செல்லோவிலும் ஃப்ரெட் கிடையாது. விரல் எங்கே விழுகிறதோ அங்கே ஸ்வரம். 240 வேண்டுமா, கிடைக்கும். ஆனால் சும்மா கிடைக்காது. சின்ன வயதிலிருந்து விரலுக்கு ஏறிய மேஜர் மூன்றாவது, மைனர் மூன்றாவது எல்லாவற்றையும் கையிலிருந்து இறக்க வேண்டும். திறந்த தந்திகள் பஞ்சமமாகச் சேர்க்கப்பட்டவை, கமெலானின் ஸ்வரங்களோடு அவை எல்லாம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இத்தனை காலம் அழகாகத் தெரிந்த அகலமான விப்ராட்டோவையும் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விரல் தேடிப்பிடித்த ஸ்வரம் அந்த நடுக்கத்தில் கரைந்துபோகும்.

சரோன் வாசிப்பவரின் கையைக் கவனித்தால் இதன் கஷ்டம் இன்னும் புரியும். வலது கையில் மரச்சுத்தியல் ஒரு தகட்டை அடிக்கிறது. அது அடுத்த தகட்டில் விழும் அதே கணம், இடது கை விரல்கள் முந்தைய தகட்டைப் பிடித்து அடக்குகின்றன. ஆகவே கமெலானில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சுத்தமான ஒரு பிறப்பும் சுத்தமான ஒரு முடிவும் உண்டு. வில் போடும் வயலின் அப்படியில்லை. அது நீண்டு நிற்கிறது. ஸ்லெந்தெம் என்ற தாழ்ந்த சுருதித் தகட்டுக் கருவியின் ஆழ்ந்த ஒலி மங்கிக்கொண்டிருக்கும்போது மேலே செல்லோ அதே ஸ்வரத்தைப் பிடித்திருந்தால், இரண்டுக்கும் நடுவே மயிரிழை விலகல் இருந்தாலும் காதில் துடிப்பாக விழும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

இருந்தும் இது ஏன் அந்நியமாகக் கேட்கவில்லை? கமெலானுக்குள் ஏற்கெனவே ஒரு வில் வாத்தியம் உட்கார்ந்திருக்கிறது என்பதால். இரண்டு தந்தி ரெபாப். அதுவும், மூங்கில் குழலான சுலிங்கும், பாடும் பெண்ணான பெசிந்தெனும் வெண்கலத்தின் சுருதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. அதைச் சுற்றி அலைந்து, கொஞ்சம் ஏறி இறங்கி, கோங்குக்குச் சற்றுப் பிந்திக் கூடப் போய்ச் சேரும். நிலையான சுருதிக்கும் நிலையில்லாத குரலுக்கும் இடையிலான இந்த உரசலைத்தான் ஜாவாக்காரர்கள் ரசிக்கிறார்கள். ஹாரிசன் வயலினை ரெபாப்பின் பக்கத்தில் உட்காரவைத்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். புதிதாகக் கதவு எதுவும் திறக்கவில்லை, இருந்த கதவு வழியாகவே வந்தார்கள்.

நடுப்பகுதியான ‘ஸ்டாம்பீட்’ வேறு மாதிரி. மேளதாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலோகத் தகடுகள் ஒதுங்கிவிடுகின்றன. இரண்டு தந்தி வாத்தியங்களும் இடைக்கால ஐரோப்பிய ஆட்ட மெட்டின் வேகத்தில் பாய்கின்றன. கச்சேரி அமைப்பாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். கமெலானின் சுருதியிலிருந்து வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரு விடுதலை கிடைக்கிறது, மூன்றாம் பகுதியில் கோங் மறுபடி விழும்போது அதன் கனம் கூடித் தெரிகிறது. ஆனால் கலப்பு என்ற கோணத்தில் பார்த்தால், படைப்பின் நடுவில் கலப்பே இல்லை என்பதும் உண்மை. எனக்கு இது குறையாகப் படவில்லை. எல்லா நேரமும் கைகோத்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

குறை என்று சொல்ல வேண்டுமானால் அது சுருதியின் சுத்தத்தில்தான். ஹாரிசன் தன் கமெலான்களை ஹார்மானிக் வரிசையிலிருந்து எடுத்த விகிதங்களில் சேர்த்தார், 7 போன்ற எண்கள் வரும் விகிதங்கள் அவருக்குப் பிடித்தமானவை. கேட்க வெகு தெளிவாக இருக்கும். ஆனால் ஜாவா பட்டறையிலிருந்து வரும் செட் அப்படிக் கணக்குப் போட்டு வருவதில்லை. பழைய செட் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, மூத்த இசைக்காரரின் காதை நம்பிச் சேர்க்கிறார்கள். விரிந்த ஸ்தாயி, அலை அடிக்கும் கோங் என்று அந்தப் பிசிறுகள்தான் அந்தச் செட்டின் முகம். அலுமினியமும் சுத்த விகிதமும் சேரும்போது முகம் கொஞ்சம் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. வயலின் கமெலானுக்காக இறங்கி வந்தது என்று முன்னால் சொன்னேன். அதற்கு முன்பே, செய்த பட்டறையில், கமெலான் ஐரோப்பியக் கணக்கு ஒன்றை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாரிசனிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கலப்பிசையைக் குறைவாக நினைக்காதீர்கள், உலகத்தில் இருப்பதே அதுதான் என்பது அவர் கட்சி.

பியானோவின் கதை

தந்தி வாத்தியம் வளையும், சரி. வளையாததை என்ன செய்வது? இதற்கு ஹாரிசனிடமே இரண்டு பதில்கள் உண்டு. பியானோ கலைஞர் கீத் ஜாரட்டுக்காக 1985இல் எழுதிய பியானோ கன்செர்ட்டோவில் கமெலான் இல்லை, ஆனால் பியானோவைப் பழைய கிர்ன்பெர்கர் முறையில் சுருதி சேர்க்கச் சொன்னார். அதோடு சேர முடிந்த கருவிகளை மட்டும் ஆர்கெஸ்ட்ராவில் வைத்துக்கொண்டார்: தந்திகள், டிராம்போன்கள், ஹார்ப்புகள், தாளக்கருவிகள். டிராம்போனுக்கு வால்வு இல்லை, இழுத்தால் எந்தச் சுருதிக்கும் வரும். மரக்காற்று வாத்தியங்களுக்கு அழைப்பே போகவில்லை.

1987இல் முடித்த ஜாவா கமெலானுடனான பியானோ கன்செர்ட்டோவில் இன்னும் ஒரு படி போனார். பியானோவையே கமெலானின் சுருதிக்கு மாற்றிவிட்டார். ‘சி பெட்டி’ என்ற செட்டுக்காக அது எழுதப்பட்டது. கேட்கும்போது முதல் சில நிமிடம் பியானோ கெட்டுப்போயிருக்கிறதோ என்று தோன்றும். அப்புறம் மெல்ல, கெட்டுப்போனது நம் காதின் பழக்கம்தான் என்று புரியும். சுத்தியலால் தந்தியை அடிக்கும் கருவி என்பதால் பியானோவின் தாக்கு கமெலானோடு வயலினைவிட நெருக்கமாக ஒட்டுகிறது. ஆனால் நடைமுறையில் இதை மேடையேற்றுவது பெரிய தலைவலி. அந்தப் பியானோவில் அன்று வேறு எதையும் வாசிக்க முடியாது. பழகிய இழுவிசையிலிருந்து மாற்றிய தந்திகள் ஒரே தடவையில் நிலைக்கவும் செய்யாது. வேறு ஊர் கமெலானோடு வாசிக்க வேண்டுமென்றால், அந்தச் செட்டுக்காக மறுபடி முதலிலிருந்து. வயலின்காரர் ஒத்திகையில் காதைத் தீட்டிக்கொண்டால் போதும், பியானோவுக்கு ஆள் கூட்டிவர வேண்டும்.

ஜாவாவில் நடப்பது

இந்தச் சிக்கல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யோக்யகார்த்தா சுல்தானின் அரண்மனையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘கெண்டிங் கதி’ என்று ஒரு வகை உண்டு. பெடோயோ, ஸ்ரிம்பி நடனப் பெண்கள் மண்டபத்துக்குள் மெதுவாக நடந்து வரும்போதும் திரும்பிப் போகும்போதும் வாசிப்பது. கமெலானோடு சேர்ந்து ஐரோப்பிய டிரம்பெட்டும் ராணுவ முரசும் முழங்கும். டச்சுக்காரர்களிடமிருந்து வந்த கருவிகள், அரண்மனைக்கு உரிய மிடுக்கு. அங்கே யாரும் சுருதியைச் சேர்க்க மண்டையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டிரம்பெட் பெலோகுக்குப் பக்கத்தில் எங்கே வருமோ அங்கே வாசிக்கிறது, வெண்கலம் தன் இடத்தில் நிற்கிறது, இரண்டும் உரசும் அந்தக் கரகரப்பும் கம்பீரத்தின் பகுதி. ஹாரிசன் பல ஆண்டு பாடுபட்டுத் தீர்த்த ஒன்றை, தீர்க்க வேண்டியதே இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதே அரண்மனை தனியாக ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவும் வைத்திருந்தது. 1920களில் சில ஆண்டுகள் அதை நடத்தியவர் வால்டர் ஷ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியர், பின்னால் பாலியில் குடியேறிப் புகழ்பெற்றவர். இப்போது ‘யோக்யகார்த்தா ராயல் ஆர்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் அரண்மனை அந்த மரபை மறுபடி உயிர்ப்பித்திருக்கிறது.

மூன்றாவது பதிலும் ஜாவாவிலிருந்தே வந்தது, கச்சேரி மண்டபத்திலிருந்து அல்ல, கல்யாண வீட்டிலிருந்து. குனுங்கிடுலைச் சேர்ந்த மந்தோஸ் (1950–2012) 1990களில் பிரபலமாக்கிய ‘சம்புர்சாரி’யில் கீபோர்டு, பேஸ் கிடார், கமெலான் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். கீபோர்டைத் திருப்பி அனுப்ப முடியாது, பாட்டுக்காரருக்கு அது வேண்டும். ஆகவே கமெலான் கருவிகளைக் கீபோர்டின் மேஜர், மைனர் சுருதிக்குச் செய்துகொண்டார்கள். திதி கெம்போட் (1966–2020) போன்றவர்களின் காதல் தோல்விப் பாடல்களோடு அந்த ஒலி ஜாவா முழுக்க, தென் அமெரிக்காவில் ஜாவா வம்சாவளியினர் வாழும் சுரினாம் வரைக்கும் போனது. பழைய ஆட்கள் திட்டினார்கள். கூட்டமோ கூடிக்கொண்டே போனது.

கேட்டவர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஹாரிசனின் கன்செர்ட்டோ சம்புர்சாரியின் பக்கத்தில் கூட வராது. ஆனால் கீபோர்டுக்காகச் செய்த சரோனை எடுத்துக்கொண்டு விடிய விடிய நடக்கும் வயாங் நிழற்கூத்துக்குப் போக முடியாது. அங்கே நேரம் நகர நகர ஸ்லெண்ட்ரோவுக்குள்ளேயே பாதெத் என்ற நிலை மாற வேண்டும், அதற்குப் பழைய சுருதி வேண்டும். இரட்டைக் கன்செர்ட்டோவுக்கு வாசித்த செட்டில் மறுநாள் காலையிலேயே ஜாவா லட்ராங் ஒன்றை அப்படியே எடுத்து வாசிக்கலாம். வயலினையும் செல்லோவையும் பெட்டியில் வைத்துவிட்டால் போதும்.